நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு

வட அட்லாண்டிக் ஒப்பந்த அமைப்பு, சுருக்கமாக நேட்டோ, 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தின் அடிப்படையில் இயங்கும் இராணுவக் கூட்டணியாகும். பதினான்கு பிரிவுகள் மட்டுமே கொண்ட இந்தச் சிறிய ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, உறுப்பு நாடு ஒன்றின் மீதான தாக்குதலை எல்லா உறுப்பு நாடுகள் மீதான தாக்குதலாகக் கருத வேண்டும் என்கிறது. "ஒருவரைத் தொட்டால் அனைவரும் போருக்கு வருவார்கள்" என்பதே இதன் பொருள் எனப் பலர் நினைக்கின்றனர். ஆனால் பிரிவின் வாசகம் அப்படிச் சொல்லவில்லை. எந்த வகை உதவியைச் செய்வது என்ற முடிவை அது ஒவ்வொரு நாட்டிடமும் விட்டுவிடுகிறது. அப்படியிருந்தும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகள் தம் பாதுகாப்பை இந்தப் பிரிவை நம்பியே அமைத்துக்கொண்டுள்ளன. அதன் வாசகம் சொல்வது என்ன, சொல்லாமல் விட்டது என்ன, அதற்கு வலு எங்கிருந்து வருகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தோன்றிய பின்னணி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மேற்கு ஐரோப்பிய நாடுகள் பொருளாதாரத்திலும் படைபலத்திலும் நலிந்திருந்தன. கிழக்கு ஐரோப்பா சோவியத் ஒன்றியத்தின் பிடிக்குள் வந்தது. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றினர். அவ்வாண்டு ஜூனில் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளைச் சோவியத் ஒன்றியம் அடைத்தது.

இதற்குச் சற்று முன்பு, 1948 மார்ச் 17 அன்று பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகளும் பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டிருந்தன. ஆனால் அமெரிக்காவின் துணையின்றி இவ்வைந்து நாடுகளால் மட்டும் ஐரோப்பாவைக் காக்க இயலாது என்பதை அவற்றின் தலைவர்கள் உணர்ந்திருந்தனர். 1939-இல் போலந்துக்கு நேர்ந்தது அவர்கள் நினைவில் இருந்தது. போலந்துக்கு உறுதி அளித்திருந்த பிரிட்டனும் பிரான்சும் சொன்னபடி ஜெர்மனிமீது போர் அறிவித்தன. ஆனால் போலந்தைக் காக்கும் அளவுக்கு எந்த உதவியும் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. ஒரு மாதத்துக்குள் அந்நாடு வீழ்ந்தது. வாக்கு காப்பாற்றப்பட்டும் நாடு காப்பாற்றப்படவில்லை.

இந்தச் சூழலில்தான் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த பெரிய ஒப்பந்தத்துக்கான பேச்சுகள் நடந்தன. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், இத்தாலி, போர்ச்சுகல், டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து ஆகிய பன்னிரண்டு நாடுகள் தொடக்க உறுப்பினர்களாகச் சேர்ந்தன. இன்று உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை 32.

வாசகம் சொல்வது என்ன?

ஐந்தாம் பிரிவை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் படித்தால் எளிதில் விளங்கும்.

முதலாவது, ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ உறுப்பு நாடு ஒன்றின் மீதோ பலவற்றின் மீதோ நடக்கும் ஆயுதத் தாக்குதல் அனைவர் மீதான தாக்குதலாகக் கருதப்படும்.

இரண்டாவது, அவ்வாறு தாக்குதல் நடந்தால், ஐ.நா. சாசனத்தின் 51-ஆம் பிரிவு ஏற்கும் தற்காப்பு உரிமையின்படி, ஒவ்வொரு உறுப்பு நாடும் தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவும்.

மூன்றாவது, அந்த உதவி, தான் தேவை எனக் கருதும் நடவடிக்கையாக இருக்கும். ஆயுதப் படையைப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும்.

நான்காவது, எடுக்கும் நடவடிக்கைகளை உடனே ஐ.நா. பாதுகாப்பு அவைக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பு அவை அமைதியை மீட்கத் தேவையானவற்றைச் செய்ததும் அந்நடவடிக்கைகள் நிறுத்தப்படும்.

இவற்றுள் மூன்றாவது பகுதியே கவனிக்கத்தக்கது. உதவுவது கட்டாயம். எப்படி உதவுவது என்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பம். ஒரு நாடு படை அனுப்பலாம். இன்னொன்று விமானத் தளத்தைத் திறந்துவிடலாம். மற்றொன்று மருந்தும் எரிபொருளும் அனுப்பி நிறுத்திக்கொள்ளலாம். இவை எல்லாமே பிரிவின் வாசகத்துக்கு உட்பட்டவைதாம்.

இந்த நெகிழ்வு தற்செயலாக நுழைந்ததன்று. பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தம், தாக்கப்பட்ட நாட்டுக்குத் தம்மால் இயன்ற எல்லா இராணுவ உதவியையும் பிற உதவிகளையும் அளிக்க வேண்டும் எனக் கடுமையாகவே கூறியிருந்தது. ஐரோப்பிய நாடுகள் அத்தகைய வாசகத்தையே விரும்பின. ஆனால் அமெரிக்க அரசியலமைப்பின்படி போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு உரியது. வேறொரு நாடு தாக்கப்பட்டவுடன் அமெரிக்கா தானாகவே போரில் இறங்கிவிடும் என்ற நிலையைச் செனட் அவை ஏற்காது. ஆகவே "தான் தேவை எனக் கருதும்" என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. ஒப்பந்தத்தின் விதிகளை ஒவ்வொரு நாடும் தன் அரசியலமைப்பு நடைமுறைப்படி நிறைவேற்றும் எனப் பதினொன்றாம் பிரிவும் கூறியது. இந்த வாசகத்தைச் செனட் அவை 1949 ஜூலையில் 82-க்கு 13 என்ற வாக்குகளில் ஏற்றது.

எந்த நிலப்பகுதிக்குப் பொருந்தும்?

ஐந்தாம் பிரிவு உலகம் முழுவதற்கும் பொருந்தாது. அதன் எல்லையை ஆறாம் பிரிவு வரையறுக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள உறுப்பு நாடுகளின் நிலப்பகுதி, துருக்கி, கடகரேகைக்கு வடக்கே வட அட்லாண்டிக் பகுதியில் உள்ள தீவுகள், அப்பகுதியிலும் மத்தியதரைக் கடலிலும் உள்ள படைகள், கப்பல்கள், விமானங்கள் ஆகியவை இதில் அடங்கும்.

இந்த வரையறையின் விளைவை இந்திய வரலாற்றிலேயே காணலாம். போர்ச்சுகல் நேட்டோவின் தொடக்க உறுப்பினர். 1961 டிசம்பரில் இந்தியப் படைகள் கோவாவைப் போர்ச்சுகீசிய ஆட்சியிலிருந்து விடுவித்தபோது, கோவா ஒப்பந்த எல்லைக்கு வெளியே இருந்ததால் ஐந்தாம் பிரிவு பொருந்தவில்லை. அவ்வாறே 1982-இல் அர்ஜென்டினா ஃபாக்லாந்துத் தீவுகளைக் கைப்பற்றியபோதும் பொருந்தவில்லை. அத்தீவுகள் தென் அட்லாண்டிக்கில் உள்ளன. அமெரிக்காவின் ஒரு மாநிலமான ஹவாய்கூடப் பசிபிக் பெருங்கடலில் இருப்பதால் இவ்வரையறைக்குள் வருவதில்லை.

ஐ.நா.வின் கூட்டுப் பாதுகாப்பிலிருந்து வேறுபாடு

கூட்டுப் பாதுகாப்பு, கூட்டுத் தற்காப்பு என்னும் இரண்டு கருத்துகளை மாணவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. கூட்டுப் பாதுகாப்பு ஐ.நா.வின் முறையாகும். அதில் எல்லா நாடுகளும் உறுப்பினர்கள். அவர்களுக்குள் ஒருவர் தவறு செய்தால் மற்றவர்கள் சேர்ந்து தடுக்க வேண்டும். கூட்டுத் தற்காப்பு நேட்டோ போன்ற கூட்டணிகளின் முறையாகும். சில நாடுகள் மட்டும் சேர்ந்து, வெளியிலிருந்து வரும் தாக்குதலை எதிர்கொள்ள வாக்குக் கொடுத்துக்கொள்கின்றன.

ஐ.நா.வின் முறையில் பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களுக்கும் தடுப்பதிகாரம் உண்டு. அந்த ஐவரில் ஒருவரே தாக்கும் நாடாக இருந்தால் அம்முறை முடங்கிவிடுகிறது. 2022 பிப்ரவரி 25 அன்று, உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யா தன் தடுப்பதிகாரத்தால் முறியடித்தது இதற்குச் சான்று. அத்தீர்மானத்தின் மீது இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை வாக்களிக்கவில்லை. ஐ.நா. தம்மைக் காக்கும் என்று நம்ப இயலாத சிறிய நாடுகள் கூட்டணிகளை நாடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

சொல்லுக்கு வலு சேர்ப்பவை

வாசகம் இவ்வளவு நெகிழ்வாக இருக்கும்போது, எதிரி ஏன் அதற்கு அஞ்ச வேண்டும்? விடை, ஒப்பந்தத் தாளுக்கு வெளியே செய்யப்பட்ட ஏற்பாடுகளில் இருக்கிறது.

ஒப்பந்தம் கையெழுத்தானபோது நேட்டோவுக்குப் பொதுத் தலைமையோ கூட்டுப் படைத் திட்டமோ இல்லை. 1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கிய பிறகே அந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர் ஐரோப்பாவுக்கான நேட்டோ படைகளின் முதல் தலைமைத் தளபதியாக அறிவிக்கப்பட்டார். பல நாட்டுப் படைகளை ஒரே திட்டத்தின்கீழ் இயக்கும் முறை உருவானது. அமெரிக்கப் படையினர் பெருமளவில் மேற்கு ஜெர்மனியில் நிலைகொண்டனர். 1980-களில் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை மூன்று லட்சத்துக்கும் மேல்.

இதன் தர்க்கம் எளியது. ஒரு நாட்டின் எல்லையில் பல நாட்டு வீரர்கள் ஒன்றாக நிற்கும்போது, அந்த எல்லையைத் தாக்குபவர் முதல் நாளிலேயே அத்தனை நாட்டு வீரர்களையும் தாக்க நேரும். உதவுவதா வேண்டாமா என்று தலைநகரங்களில் அமர்ந்து விவாதிக்கும் நிலை அப்போது பெரும்பாலும் எழாது.

பால்டிக் நாடுகளில் இதே முறை பின்பற்றப்படுகிறது. 2014-இல் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்ட பிறகு, 2016-இல் வார்சாவில் நடந்த உச்சி மாநாட்டில் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, போலந்து ஆகிய நான்கு நாடுகளில் பன்னாட்டுப் படைக்குழுக்களை நிறுத்த முடிவாயிற்று. அவற்றை முறையே பிரிட்டன், கனடா, ஜெர்மனி, அமெரிக்கா ஆகியவை தலைமை தாங்கின. ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ ஆயிரம் வீரர்கள் இருந்தனர். படையெடுப்பு ஒன்றை முறியடிக்க இந்த எண்ணிக்கை போதாது. தாக்கினால் ஒரு நாட்டோடு மட்டும் மோத இயலாது என்று உணர்த்துவதே அதன் வேலை. 2022-க்குப் பின் பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளிலும் இத்தகைய குழுக்கள் அமைந்தன. ஏறத்தாழ 13 லட்சம் மக்களே வாழும் எஸ்தோனியா போன்ற நாட்டுக்கு இது அன்றாட வாழ்வைத் தொடும் செய்தியாகும்.

மூன்றாம் பிரிவையும் இங்குச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் தற்காப்புத் திறனைத் தானே வளர்த்துக்கொள்ள வேண்டும் என அது கூறுகிறது. உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டைப் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும் என 2014-இல் வேல்சில் நடந்த மாநாடு இலக்கு வைத்தது. 2025 ஜூனில் தி ஹேக் நகரில் நடந்த மாநாடு இதை 2035-க்குள் 5 விழுக்காடாக உயர்த்த முடிவு செய்தது. இதில் 3.5 விழுக்காடு நேரடிப் படைச் செலவுக்கும், 1.5 விழுக்காடு சாலை, பாலம், இணையப் பாதுகாப்பு போன்ற துணைச் செலவுகளுக்கும் உரியது.

ஒரே ஒருமுறை நடைமுறைக்கு வந்தது

ஐந்தாம் பிரிவு இதுவரை ஒரே ஒருமுறைதான் செயல்படுத்தப்பட்டது. சோவியத் படைகள் ஐரோப்பாவைத் தாக்கினால் அமெரிக்கா உதவிக்கு வர வேண்டும் என்பதே 1949-இல் எழுதியவர்களின் எண்ணமாக இருந்தது. நடந்ததோ நேர்மாறானது. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கா தாக்கப்பட்டது. உதவிக்கு வந்தவை ஐரோப்பிய நாடுகளும் கனடாவும்.

மறுநாளே நேட்டோ அவை கூடி, தாக்குதல் வெளிநாட்டிலிருந்து இயக்கப்பட்டது என உறுதியானால் ஐந்தாம் பிரிவு பொருந்தும் என்று முடிவெடுத்தது. அமெரிக்கா அளித்த விளக்கங்களுக்குப் பின் அக்டோபர் 2 அன்று அது உறுதிசெய்யப்பட்டது. 2001 அக்டோபர் முதல் 2002 மே வரை நேட்டோவின் ஏழு கண்காணிப்பு விமானங்கள் அமெரிக்க வான்வெளியைக் காவல் காத்தன. 13 நாடுகளைச் சேர்ந்த விமானக் குழுவினர் அதில் பணியாற்றினர். மத்தியதரைக் கடலிலும் நேட்டோ கப்பல்கள் ரோந்து சுற்றின.

ஆப்கானிஸ்தான் போர் முழுவதும் ஐந்தாம் பிரிவின்கீழ் நடந்தது எனக் கருதுவது சரியன்று. 2001 அக்டோபர் 7 அன்று தொடங்கிய போரை அமெரிக்கா பெரும்பாலும் தன் தலைமையிலேயே நடத்தியது. பின்னர் அமைந்த பன்னாட்டுப் பாதுகாப்புப் படை ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதலோடு இயங்கியது. நேட்டோ அதன் தலைமையை 2003-இல் ஏற்றது. ஆயினும் கூட்டணி நாடுகள் கொடுத்த விலை சிறியதன்று. பிரிட்டன் 457 வீரர்களை இழந்தது. சிறிய நாடான டென்மார்க் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்தது.

1999-இல் யூகோஸ்லாவியா மீதும் 2011-இல் லிபியா மீதும் நேட்டோ நடத்திய வான்தாக்குதல்கள் ஐந்தாம் பிரிவின்கீழ் வருபவை அல்ல. அங்கு எந்த உறுப்பு நாடும் தாக்கப்படவில்லை. யூகோஸ்லாவியா மீதான தாக்குதலுக்குப் பாதுகாப்பு அவையின் ஒப்புதலும் இல்லை. இதனால் நேட்டோ தற்காப்புக் கூட்டணி மட்டும்தானா என்ற கேள்வி எழுந்து, இன்றும் விவாதிக்கப்படுகிறது.

கலந்தாலோசனை: நான்காம் பிரிவு

எல்லா மீறலும் ஐந்தாம் பிரிவுக்குப் போவதில்லை. ஓர் உறுப்பு நாடு தன் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் எனக் கருதினால், நான்காம் பிரிவின்படி மற்றவர்களைக் கலந்தாலோசனைக்கு அழைக்கலாம். 2025 செப்டம்பரில் ரஷ்ய ட்ரோன்கள் போலந்து வான்வெளிக்குள் நுழைந்தபோது நடந்தது இதுவே. நேட்டோ போர் விமானங்கள் சில ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்தின. போலந்து நான்காம் பிரிவின்கீழ் கூட்டம் கேட்டது. ஐந்தாம் பிரிவு எழுப்பப்படவில்லை.

எது ஆயுதத் தாக்குதல் என்பதற்கு ஒப்பந்தத்தில் விரிவான வரையறை இல்லை. 2007-இல் எஸ்தோனியாவின் வங்கிகளும் அரசு இணையதளங்களும் இணையத் தாக்குதலால் முடங்கின. கடுமையான இணையத் தாக்குதலும் ஐந்தாம் பிரிவுக்கு உரியதாகலாம் என 2014-இல் நேட்டோ அறிவித்தது. எந்த அளவில் அது உரியதாகும் என்பதை உறுப்பு நாடுகள் ஒருமித்து முடிவு செய்யும். எல்லைக் கோடு இதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், எதிரி அந்தக் கோட்டுக்குச் சற்று முன்புவரை வந்து நிற்கலாம் என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

உறுப்பினர் அல்லாத நாடுகள்

உக்ரைனையும் பின்லாந்தையும் ஒப்பிட்டால் உறுப்பினராக இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு புலப்படும்.

சோவியத் ஒன்றியம் கலைந்தபோது உக்ரைனின் மண்ணில் ஏறத்தாழ 1,900 நெடுந்தொலைவு அணுகுண்டு முனைகள் இருந்தன. அவற்றைக் கைவிட உக்ரைன் இசைந்தது. அதையொட்டி 1994 டிசம்பர் 5 அன்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவை புடாபெஸ்ட் குறிப்பாணையில் கையெழுத்திட்டன. உக்ரைனின் விடுதலையையும் எல்லைகளையும் மதிப்போம், அதன்மீது படைபலத்தைப் பயன்படுத்தமாட்டோம் என அவை உறுதி கூறின. ஆனால் யாரேனும் தாக்கினால் படையுடன் வந்து காப்போம் என்ற வாக்கு அதில் இல்லை. 2014-இல் கிரிமியாவும் 2022-இல் முழுப் படையெடுப்பும் வந்தபோது இந்த இடைவெளி வெளிப்பட்டது. மேற்கு நாடுகள் ஆயுதமும் பணமும் தந்தன. போருக்கு வீரர்களை அனுப்பவில்லை.

2008-இல் புக்காரெஸ்ட் மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினர்களாகும் என நேட்டோ அறிவித்தது. ஆனால் காலத்தையும் வழியையும் சொல்லவில்லை. அந்த அறிவிப்பு ரஷ்யாவின் எதிர்ப்பைத் தூண்டியது. அந்த இரு நாடுகளுக்கும் பாதுகாப்பு எதையும் தரவில்லை. நேட்டோவின் கிழக்கு நோக்கிய விரிவாக்கத்தைத் தன் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என ரஷ்யா தொடர்ந்து கூறிவருகிறது. தம் கூட்டணியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா நாடுகளுக்கும் உண்டு என்பது நேட்டோவின் வாதம்.

ரஷ்யாவுடன் ஏறத்தாழ 1,340 கிலோமீட்டர் எல்லை கொண்ட பின்லாந்து பல பத்தாண்டுகள் அணிசேராமல் இருந்தது. உக்ரைன் போருக்குப் பின் அது 2022 மே மாதத்தில் விண்ணப்பித்து, 2023 ஏப்ரல் 4 அன்று உறுப்பினரானது. சுவீடன் 2024 மார்ச்சில் சேர்ந்தது. புதிய உறுப்பினரை ஏற்க எல்லா உறுப்பு நாடுகளின் ஒப்புதலும் வேண்டும் என்பதால், துருக்கியும் ஹங்கேரியும் இசையும்வரை சுவீடன் காத்திருக்க வேண்டியிருந்தது.

தெற்காசியாவிலிருந்து ஓர் ஒப்பீடு

கூட்டணியில் சேர்ந்தாலே காவல் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. 1954-இல் மணிலாவில் கையெழுத்தான தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பான சீட்டோவில் பாகிஸ்தான் உறுப்பினராக இருந்தது. கம்யூனிஸ்ட் தாக்குதலுக்கு மட்டுமே தன் கடமை பொருந்தும் என அமெரிக்கா அவ்வொப்பந்தத்தில் குறிப்பு எழுதிவைத்திருந்தது. 1965, 1971 ஆகிய இரு போர்களிலும் சீட்டோ பாகிஸ்தானின் உதவிக்கு வரவில்லை. நேட்டோவுக்கு இருப்பதுபோன்ற கூட்டுப் படைத் தலைமையும் அதற்கு இல்லை. 1977-இல் அவ்வமைப்பு கலைந்தது.

1971 ஆகஸ்ட் 9 அன்று இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் செய்த நட்புறவு ஒப்பந்தம் வேறு வகையானது. ஒரு தரப்பு தாக்கப்பட்டாலோ அச்சுறுத்தப்பட்டாலோ, இரு தரப்பும் உடனே கலந்தாலோசித்துத் தக்க நடவடிக்கை எடுக்கும் என்றே அதன் ஒன்பதாம் பிரிவு கூறியது. போரில் இறங்கும் கடமை எதுவும் அதில் இல்லை. ஆயினும் அவ்வாண்டு டிசம்பர்ப் போரின்போது பாதுகாப்பு அவையில் சோவியத் ஒன்றியம் பயன்படுத்திய தடுப்பதிகாரம் இந்தியாவுக்குப் பெரிதும் உதவியது. ஆக, வாசகத்தின் கடுமையை மட்டும் வைத்து ஓர் ஒப்பந்தத்தை அளவிட இயலாது. இரு தரப்பின் நலன்களும் அந்நேரத்தில் பொருந்தி வருகின்றனவா என்பதும் முக்கியம்.

நம்பிக்கை பற்றிய ஐயங்கள்

தன் நகரங்களை இழக்கும் ஆபத்தை ஏற்று அமெரிக்கா ஐரோப்பாவைக் காக்குமா என்ற ஐயத்தைப் பிரெஞ்சு அதிபர் டி கோல் 1960-களிலேயே எழுப்பினார். பிரான்ஸ் தனக்கெனத் தனி அணுப்படையை உருவாக்கியது. 1966-இல் நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து விலகியது. 2009-இல்தான் திரும்பச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்திலும் அது ஒப்பந்தத்தை விட்டு விலகவில்லை.

அண்மைக் காலத்தில், போதிய செலவு செய்யாத நாடுகளைக் காப்பது பற்றி டொனால்ட் டிரம்ப் வெளியிட்ட கருத்துகள் இந்த ஐயத்தை மீண்டும் கிளப்பின. ஒப்பந்தத்தின் பதின்மூன்றாம் பிரிவுப்படி, ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து எந்த நாடும் விலகலாம். 2023 டிசம்பரில் அமெரிக்கா இயற்றிய சட்டம், செனட் அவையின் மூன்றில் இரு பங்கு ஆதரவோ காங்கிரசின் சட்டமோ இன்றி அதிபர் நேட்டோவிலிருந்து விலக முடியாது எனத் தடை விதித்தது. ஆனால் விலகாமலே, தேவை எனக் கருதும் உதவி மிகச் சிறியதே என்று ஓர் அதிபர் முடிவு செய்வதை எந்தச் சட்டத்தாலும் தடுக்க இயலாது. ஐரோப்பிய நாடுகள் இன்று தம் படைச் செலவை உயர்த்துவதற்கு ரஷ்யா மீதான அச்சத்தோடு இந்தக் கவலையும் ஒரு காரணமாகும்.

தொகுப்புரை

ஐந்தாம் பிரிவு தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவ வேண்டும் என்கிறது. எவ்வளவு உதவ வேண்டும் எனச் சொல்லவில்லை. அந்த இடைவெளியைப் பொதுத் தலைமை, கூட்டுத் திட்டம், எல்லையில் நிற்கும் பன்னாட்டு வீரர்கள், ஒவ்வொரு நாட்டின் சொந்தத் தயாரிப்பு ஆகியவை நிரப்புகின்றன. பாதுகாப்பு ஒப்பந்தம் எதையும் படிக்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அது எந்த நிலப்பகுதிக்குப் பொருந்தும்? எதைச் செய்வதாக வாக்களிக்கிறது? அந்த வாக்கை நிறைவேற்ற இப்போதே செய்துவைத்துள்ள ஏற்பாடு என்ன? புடாபெஸ்ட் குறிப்பாணையை இம்மூன்று கேள்விகளோடு படித்தால், உக்ரைன் 2014-இல் ஏன் தனித்து நின்றது என்பது விளங்கும்.